முனை தாண்டும்வரை

நாலு மணி வரைக்கும் சிக்னல் இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். சட்டையில் பெக் என்று பெயர் குத்தியிருந்தாள், பயணிகளுக்கு இந்தக் கப்பலில் எல்லாம் அவள்தான். நாலு, மிஞ்சிப்போனால் நாலேகால். வலது பக்கம் ஒரு முனை வரும், செக்கச்செவேலென்று இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஒன்பது நாளைக்குப் போன் படம் எடுக்க மட்டும்தான், பேச வேண்டியவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். யாருக்கும் எட்டாமல் போவதற்கென்றே இவ்வளவு தூரம் வந்தவர்கள். நானும் தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகு இரண்டு தட்டு தனியாகக் கேட்டது, அது நான். மணி ஒன்றரை. ஊரில் பதினொன்று. பாளையங்கோட்டையில் அடுத்த போர்ஷன் டீச்சர் இந்நேரம் அடுப்பை அணைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார், மடியில் போன் இருக்கும். என் பதிலுக்காக என்று சொல்ல முடியாது, அவசரமில்லை என்று அவரே போனில் பேசி அனுப்பியிருக்கிறார். ‘ஏட்டி குழலு, ரத்தம் குடுத்தேன்லா, ரிப்போர்ட் வந்துட்டு. டாக்டர் வெளியூராம், வியாழக்கிழமைதான் வாராராம். நீ ஒரு பார்வை பாத்துச் சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல. கப்பல் ஏறிட்டியா? தண்ணி நீலமா இருக்கா, பச்சையா இருக்கா?’ அவ்வளவுதான். பின்னால் ஒரு காக்கா கத்துகிறது. கூடவே மூன்று படம், மூன்றாவதில் பாதியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் போட்டிருந்த பலகையில் நிற்கும்போது வந்தது. பலகை ஆடிக்கொண்டிருந்தது, பின்னால் ஆட்கள் நின்றார்கள், நான் திறந்து பார்த்துவிட்டேன். இன்று திங்கள்கிழமை. வியாழனுக்கு மூன்று நாள் இருக்கிறது. பலகையில் இன்னும் நாலு எட்டு இருந்தது. பார்த்த பிறகுதான் அந்த நாலு எட்டையும் வைத்தேன்.

தண்ணீர் பச்சை. பச்சை என்றும் சொல்ல முடியாது, பாலில் மருந்து கலந்த மாதிரி ஒரு நிறம், கரை ஓரத்தில் வெளுத்து, தூரத்தில் இறுகி. கரை சிவப்பு. செங்கல்லை உடைத்துக் கொட்டியது போல ஒரே சிவப்பு, அதற்கு மேல் சோனியான புதர், அதற்கு மேல் வானம். வீடு இல்லை, கம்பம் இல்லை, புகை இல்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலை இது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். அட்லஸில் இந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார், ‘பாத்தியா, கரை எலி கடிச்ச துணி மாதிரி கிழிஞ்சு கிடக்கு, ஆனா ஒரு ஊர் பேரு கிடையாது. அங்க என்னதான் இருக்குன்னு போய்ப் பாக்கணும்ட்டி.’ இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுத்த மனுஷி, போன தூரம் என்று பார்த்தால் வேளாங்கண்ணியும் ஊட்டியும். நான் அதுவும் இல்லை. முப்பத்தோரு வருஷம் பெரியாஸ்பத்திரி லேபில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நான் பார்த்த தேசமெல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தவைதான். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற வருஷம் டீச்சர் இந்தப் பேச்சை எடுத்தார், ஆறு வருஷம் பேசினோம். பேசுவதே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது நான் இங்கே இருக்கிறேன், அவர் அங்கே. பூகோளம் தெரியாதவள் வந்திருக்கிறேன். வலது பக்கம் கரை, இடது பக்கம் ஒன்றுமில்லாத கடல். அது எந்தக் கடல் என்றுகூட யாரிடமாவது கேட்டால்தான் உண்டு.

அந்த எண்கள். கண்ணை மூடினால் வருகிறது, திறந்தால் அந்தச் சிவப்புக் கரையின் மேல் வருகிறது. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. வெள்ளணு நாற்பத்திரண்டாயிரம். பிளேட்லெட் பதினாலாயிரம். ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பதினாலாயிரம். அதற்குக் கீழே மிஷின் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது, ஸ்லைடு எடுத்து ஆள் பார்க்க வேண்டும் என்று. மிஷினுக்கே தெரிந்திருக்கிறது. ஸ்லைடைப் பார்க்காமல் சொல்லக்கூடாது, நானே புதிதாக வந்த பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன், எண்ணை மட்டும் வைத்து வாயைத் திறக்காதே என்று. ரத்த மாதிரி மாறியிருக்கலாம். குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உறைந்தால் பிளேட்லெட் குறையும், வெள்ளணு கூடாதே. மாறியிருந்தால் வேறு யாரோ ஒருவருக்கு இது. அது வேறு யாராகவோ இருக்கட்டும் என்று நினைத்தேன், நினைத்துவிட்டு அந்த வேறு யாரோவிடம் மன்னிப்புக் கேட்டேன். இதில் ஒரு வகை இருக்கிறது, முதல் நாளே மாத்திரையை ஆரம்பித்தால் ஆள் பிழைத்து வந்து நமக்கே ஸ்வீட் கொடுக்கும் வகை. அதே வகையில் ஒரு வாரம் சும்மா விட்டால் மூளையில் ரத்தம் கசியும். வியாழக்கிழமை. டாக்டர் வெளியூராம். ஒன்பது நாள்.

மணி அடித்தார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மேல்தட்டுக்கு வரவேண்டும், இது பயிற்சி, பயப்படாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. என் அறையில் அலமாரியைத் திறந்தால் இரண்டு ஜாக்கெட். இரண்டு கட்டில், இரண்டு துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில், கதவில் இரண்டு பெயர், குழல்வாய்மொழி, எப்சிபா. என் பெயரை அவர்களால் முழுதாகப் போட முடியவில்லை, பாதியில் நின்றுபோயிருந்தது. டீச்சர் பெயர் அவர்களுக்குத் தெரிந்த வேதாகமப் பெயர், தப்பில்லாமல் இருந்தது. வந்திருக்கிறவள் பெயர் அரைகுறை, வராதவர் பெயர் முழுசு. ஜாக்கெட்டின் பட்டை எங்கே போகிறது என்று தெரியவில்லை, காலுக்கு நடுவிலா, இடுப்பிலா, புடவையோடு அதை எப்படிக் கட்டுவது. தட்டில் நின்றிருந்த ஒரு வயதான அம்மாள், டோரீன் என்று பேர், கேட்காமலே வந்து கட்டிவிட்டாள். அவளுடைய புருஷன் பக்கத்தில் நின்று சிரித்தார். ‘உன் தோழி எங்கே? கதவில் இரண்டு பேர் பார்த்தேன்’ என்றாள். ‘ஃபீவர்’ என்றேன். ‘அய்யோ, வெறும் காய்ச்சலுக்கா இதை விட்டாள்’ என்றாள். வெறும் காய்ச்சல். என் வயிற்றுக்கு மேல் அவள் கை பட்டையை இழுத்து இறுக்கியது. கடைசியாக ஒரு மனிதக் கை என்மேல் பட்டது எப்போது என்று யோசித்தேன். சிங்கப்பூர் விமான நிலையத்தில் சோதனை போட்ட பெண். அதற்கு முன்னால் வீட்டு கேட்டில் டீச்சர், தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணினார், உள்ளங்கை சுட்டது. ‘இன்னும் காய்ச்சல் இருக்கே டீச்சர்’ என்றேன். ‘அது போயிரும். நீ கிளம்பு. ரெண்டு பேரும் போகாம இருந்தா யாருக்கு லாபம்?’ என்றார். டாக்ஸி திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். கையை ஊன்றி, மெதுவாக. வழியனுப்ப வந்தவர் யாராவது உட்காருவார்களா? அப்போதே டாக்ஸியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ‘விமானத்துக்கு நேரமாச்சு’ என்று டிரைவர் சொன்னான், நானும் ஆமாம் என்றேன்.

அப்போது என்ன அப்போது. அதற்கு ஒரு மாதம் முன்னால் மொட்டைமாடியில் துணி மடிக்கும்போது டீச்சர் முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் இலை அகலத்துக்கு ரத்தம் கட்டிய ஒரு தடம். ‘பீரோவுல இடிச்சேன்’ என்றார். ‘எந்தப் பீரோ டீச்சர்’ என்று நான் கேட்கவில்லை. பல் தேய்த்துவிட்டு முற்றத்துக் குழாயடியில் துப்பியது இளஞ்சிவப்பாக ஓடியது. ‘பிரஷை மாத்துங்க, ரொம்ப முரடா இருக்கு’ என்றேன். மொட்டைமாடிக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றார். வயதாயிற்று என்று இரண்டு பேரும் சிரித்தோம். முப்பத்தோரு வருஷம் இதைத்தானே பார்த்தாய்? யாரோ முன்பின் தெரியாத ஆட்களின் ஒரு சொட்டு ரத்தத்தில் இருந்து கண்டுபிடிப்பாயே, பத்தொன்பது வருஷமாக அடுத்த போர்ஷனில் இருக்கிற மனுஷியின் கையில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியவில்லையா? தெரிந்தது. அதுதான் விஷயம், தெரிந்தது. உள்ளே எங்கேயோ ஒன்று தலையைத் தூக்கியது, நான் அதன் தலையில் விசாவையும் பெட்டியையும் தொப்பியையும் வைத்து அமுக்கிவிட்டேன். எனக்கு வரவேண்டும் போல இருந்தது. ஒரு தடவையாவது எங்கேயாவது போகவேண்டும் போல இருந்தது. அம்மாவுக்கு மலம் அள்ளி, குளிப்பாட்டி, அடக்கம் பண்ணி, தம்பி பிள்ளைகளின் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சமையலறையில் நின்று, யாரும் ஒரு நாளும் நீ எங்கே போகவேண்டும் என்று கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் டீச்சர். அந்த ஆளின் கையில் இருந்த தடத்தைத்தான் பார்க்காமல் விட்டேன்.

மூன்று மணிக்குக் கேக்கும் டீயும் வைத்தார்கள். டீயில் பாலைத் தனியாக ஊற்றிக்கொள்ள வேண்டும், ஆறிப்போன பால். கடலில் ஒரு கூன்முதுகு எழுந்து மூழ்கியது, திமிங்கலம் திமிங்கலம் என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடினார்கள், கப்பலே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்தேன். போனில் நாலு கோடு இருந்தது மூன்றாகியிருந்தது. எழுதினேன். ‘டீச்சர், பாத்தேன். பயப்பட ஒண்ணும் இல்ல.’ அழித்தேன். ‘டீச்சர், கொஞ்சம் ரத்தக் குறைவு இருக்கு. வியாழன் வரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுங்க.’ அதை அனுப்ப விரல் போய்விட்டது. பொய்கூட இல்லை பாருங்கள், ரத்தக் குறைவு இருக்கிறது, ஓய்வு எடுக்கத்தான் வேண்டும். இப்படியொரு வாக்கியத்தைக் கட்ட முப்பத்தோரு வருஷப் பயிற்சி வேண்டும். அதையும் அழித்தேன். லேபில் ஒரு ஜன்னல் இருந்தது, கம்பி போட்டது, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் ரிப்போர்ட்டைக் கொடுப்போம். வெளியே நிற்கிறவர் கேட்பார், ‘என்னம்மா போட்டிருக்கு?’ ‘டாக்டர்ட்ட கேளுங்க.’ இது ஒன்றுதான் நாங்கள் சொல்லவேண்டியது. ஒருவர் வந்தார், கடையநல்லூர் பக்கம், லுங்கியும் வெள்ளைச் சட்டையும், ஆறு வயது மகளின் ரிப்போர்ட். அவர் என்ன போட்டிருக்கு என்று கேட்கவில்லை. ‘உங்க பிள்ளையா இருந்தா இப்ப எங்க தூக்கிட்டு ஓடுவீங்க, அத மட்டும் சொல்லுங்க’ என்றார். நான் ‘டாக்டர்ட்ட கேளுங்க’ என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். டாக்டர் அன்றைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை, பெயர் மட்டும் நினைவிருக்கிறது, மெஹராஜ்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. டீச்சர் முகம், போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம், கழுத்தில் மெல்லிய சங்கிலி. அடித்தது. டோரீன் திரும்பிப் பார்த்தாள். எடு, எடு என்று கையைக் காட்டிச் சிரித்தாள். நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எடுக்காததும் காட்டிக்கொடுக்கும், அவர் பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகள் ஏன் எழுந்து பதில் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியாதா? நின்றது. முகம் போய் இருட்டுக் கண்ணாடியில் என் முகம் வந்தது. இரண்டு கோடு. எனக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது, அதைச் சொல்லவே கூசுகிறது, இன்னும் அரை மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் முனை வந்துவிடும், பிறகு நான் பேச நினைத்தாலும் பேச முடியாது, யாரும் என்னைக் கேட்க முடியாது, சிக்னல் இல்லை டீச்சர், என்ன செய்ய. ஒன்பது நாள் கழித்து ஊருக்கு வந்து, அதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும், நான் அழுதால் போதும். அழத் தெரியும் எனக்கு. அரை மணி நேரம் சும்மா இருந்தால் போதும். கப்பல் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தூரத்தில், கரை கடலுக்குள் மூக்கை நீட்டியிருந்தது. சிவப்பு. இதுதானா? இதற்கு முன்னாலும் ஒன்று இப்படி இருந்ததே? யாரோ ஒருவர் தொலைநோக்கியை இறக்கிவிட்டு ‘அதோ’ என்றார். எழுந்தேன். படியேறி, ஆள் இல்லாத பின்தட்டுக்குப் போய், ஒரு கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். ஒரு மணிக்குமேல் டீச்சர் தூங்கப்போவார், இப்போது அங்கே ஒன்று இருபது, இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

‘ஏட்டி! எங்க இருக்க? காத்து அடிக்கிற சத்தம் கேக்கு.’

‘கப்பல்ல டீச்சர். பின்னால நிக்கேன். டீச்சர், இங்க சிக்னல் போயிரும். நான் சொல்லுதத குறுக்க பேசாம கேளுங்க.’

‘சொல்லு.’

‘வியாழக்கிழமை வரைக்கும் இருக்காதீங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவேன்னா இப்ப, சாப்பிட்டாச்சுன்னா கையக் கழுவிட்டு. அவசரப் பிரிவுல ரிப்போர்ட்ட நீட்டுங்க, பிளேட்லெட் பதினாலாயிரம்னு வாயால சொல்லுங்க. ரத்த நோய் பாக்குற டாக்டர் வேணும்னு கேளுங்க. தலைவலி மாத்திரை எதுவும் போடாதீங்க. ஊசி யாரும் இடுப்புல போட வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சுக்கோங்க. தனியா போகாதீங்க.’

சிக்னல் போய்விட்டதோ என்று கண்ணாடியைப் பார்த்தேன், ஒரு கோடு, வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காத்திருந்தேன்.

‘அதுக்கு என்ன பேரு?’ என்றார்.

வாயில் வந்துவிட்டது. டாக்டரிடம் கேளுங்கள் என்பது. நாக்கு அந்த வடிவத்துக்கு வளைந்துவிட்டது. விழுங்கினேன். ‘ரத்தப் புத்துநோயா இருக்கலாம் டீச்சர். ஸ்லைடு பாத்தாத்தான் உறுதி. மருந்து இருக்கு. சில வகைக்கு ரொம்ப நல்ல மருந்து இருக்கு. ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும்.’

‘ம்.’

‘நான் போன மாசமே பாத்தேன் டீச்சர். கையில. பாத்தும் சொல்லல.’

‘நானும்தான் பாத்தேன்’ என்றார் டீச்சர். ‘என் கைதானே. சொன்னா நீ போகமாட்டேன்னு—’ ஏதோ கரகரத்தது. ‘—சுடலைமுத்த ஆட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுதேன். நீ கவலப்படாத. நீ அங்க நல்லா எல்லாத்தையும்—’

அவ்வளவுதான். ‘டீச்சர்’ என்றேன். மறுபடி ‘டீச்சர்’ என்றேன். கண்ணாடியில் கோடு இல்லை, ஒரு சின்னப் பெருக்கல் குறி. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன், மற்றவர்கள் கடற்கரையில் அப்படிச் செய்வதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். முனை பக்கவாட்டில் வந்து, பின்னால் போய்க்கொண்டிருந்தது. பாறையின் அடியில் அலை மோதி வெள்ளையாக ஏறி இறங்கியது, தூரத்தில் இருப்பதால் சத்தமில்லை. சொன்னா நீ போகமாட்டேன்னு. போகமாட்டேன் என்றா, போகமாட்டாய் என்றா? இரண்டும் ஒன்றுதான். என்னை அனுப்புவதற்காக மறைத்திருக்கிறார். போகவேண்டும் என்பதற்காக நான் மறைத்திருக்கிறேன். ஒரே தடத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் துணி மடித்திருக்கிறோம். அழுகை வரவில்லை. காற்று கண்ணைக் காயவைத்துவிட்டது. சுடலைமுத்து நல்லவன், ஆனால் ஆட்டோவை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த விடமாட்டார்கள், இறக்கிவிட்டுப் போகவேண்டும். பிறகு? சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, யாராவது ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், யாராவது ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், ராத்திரிக்குக் கூட இருக்கவேண்டும். டீச்சருடைய அண்ணன் மகன் பெங்களூரில், வருஷத்துக்கு ஒரு வாழ்த்து. டீச்சரின் வீட்டுக்காரர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. அந்த யாராவது ஒருவர் நான்தான். எப்போதும் நான்தான், எனக்கு எப்போதும் அவர். போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார், சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்தார். இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்துப் பேசிக்கொண்டதில்லை.

ஐந்து மணிக்கு கப்பலின் முன்தட்டில் எல்லோரும் கூடினார்கள், சூரியன் இறங்குவதைப் பார்க்க. கண்ணாடிக் கோப்பைகள், சிரிப்பு. கடல் முழுக்கச் செம்பு. டோரீன் என்னைப் பார்த்து ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். நல்லவள், பேசிக்கொண்டே இருந்தாள், பேரப்பிள்ளைகள், முழங்கால், இவர் குறட்டை. எனக்குப் பாதி புரிந்தது. பக்கத்தில் அவள் புருஷன் கேட்காமலே அவள் தோளில் சால்வையைப் போட்டார். இங்கேயே இருந்துவிட்டால் யாரும் என்னைத் தப்புச் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வேறென்ன செய்யமுடியும் என்று தம்பி சொல்வான், டீச்சரே சொல்வார். ஏன் திரும்பவில்லை என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை எனக்கு. அதை நினைத்ததும் குளிர்ந்தது. கேட்க ஆள் இல்லாத ஒருத்தி எங்கே இருந்தாலும் ஒன்றுதான், இந்த நாற்காலியில் இருந்தாலும், அந்தச் சிவப்புப் பாறையில் இருந்தாலும். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் கைதட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன். மேலே கப்பல் ஓட்டுகிற அறைக்கு ஒரு இரும்பு ஏணி, ‘பயணிகள் கேட்டுவிட்டு வரவும்’ என்று எழுதியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு, கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார்கூடக் கேட்டதில்லை.

பெக் உள்ளே இருந்தாள், கேப்டனோடு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்ததும் ‘உடம்பு சரியில்லையா?’ என்றாள். எனக்கு நன்றாக இருக்கிறது என்றேன். நான் இறங்கவேண்டும் என்றேன். ஊருக்குப் போகவேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ரிப்போர்ட்டில் எழுதுகிற ஆங்கிலம், அதையே வைத்துச் சொன்னேன், எண்களைச் சொன்னேன், பதினாலாயிரம் என்றேன். பெக்கின் கண் மாறியது. கேப்டன் தாடியைத் தடவினார். நாளைக் காலை ஒரு முத்துப் பண்ணையில் நிற்கப்போகிறோம், அங்கே தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானம் வரும், அதில் ஒரு இடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் அது அவசரத்துக்கு வைத்திருக்கும் இடம். பயணியின் உடல்நிலை, இல்லையென்றால் நெருங்கிய குடும்பம். ஒரு தாளை எடுத்தாள் பெக், பேனா மூடியைத் திறந்தாள். ‘அவர் உங்களுக்கு என்ன உறவு? சகோதரியா?’ என்றாள். ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எனக்காக எடுத்துக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். அக்கா. இல்லை, அக்கா இல்லை. பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காக யாராவது கடலில் இறங்குவார்களா? தோழி என்றால் டோரீன்கூட மாலைக்குள் தோழியாகிவிட்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள், திசை பார்க்கிற முள் கண்ணாடிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ‘உறவு இல்லை’ என்றேன். ‘அவங்களுக்கு வேற யாரும் கிடையாது. எனக்கும் வேற யாரும் கிடையாது.’ சொன்ன பிறகுதான் அதை நான் முதன்முதலாகச் சத்தமாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது. அதுவும் வேற்று மொழியில், இரண்டு அந்நியர்கள் முன்னால். பெக் எதையோ எழுதினாள், என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. கேப்டனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். ‘இந்தக் கரையில் நீங்கள் இன்னும் எதையுமே பார்க்கவில்லை, நாளையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்’ என்றாள் பெக், வருத்தமாக. பிறகு சுவரில் இருந்து தடித்த ஒரு போனை எடுத்து, வானத்து வழியாகப் போகும், இரண்டு நிமிஷம் என்று என் கையில் கொடுத்தாள். எண் மனப்பாடமாக இருந்தது.

நீளமான மௌனம், பிறகு மணி, பிறகு வேறு யாரோ மாதிரி ஒரு குரல், ‘யாரு?’

‘டீச்சர், நான்தான். எங்க இருக்கீங்க?’

‘குழலா? ஆஸ்பத்திரிலதான்ட்டி. படுக்க வச்சிருக்காங்க. மறுபடி ரத்தம் எடுத்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஓடுது. சுடலைமுத்து வெளிய நிக்கான்.’ பின்னால் ஸ்டிரெச்சர் சக்கரச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். அந்த நடைபாதையின் லைசால் வாசனை எனக்கு இங்கே அடித்தது. ‘சிக்னல் போயிரும்னியே?’

‘டீச்சர், நான் வாரேன்.’

‘எங்க வார?’

‘அங்க. நாளைக்குக் காலைல ஒரு விமானம் இருக்கு. மாறி மாறி வந்து சேர ரெண்டு நாள் ஆகும்.’

காத்திருந்தேன். டீச்சர் எதற்கும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஒரு வாய் காப்பி கொடுத்தாலும் வேண்டாம், பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம், இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவைதான் வாங்குவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது மாறியதில்லை. வேண்டாம் என்பார், நான் வருவேன் என்பேன், மறுபடி வேண்டாம் என்பார், இரண்டு நிமிஷமும் அதிலேயே போய்விடும் என்று பயந்து, அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். பெக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக. கடலில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. டீச்சரின் மூச்சு வந்து வந்து போயிற்று.

‘வேகமா வந்துரு’ என்றார்.